பூவாத்தா வீட்டுச் செவ்வாய்

செவ்வாய் எங்க லைன் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கெழமையாத்தான் இருக்கோணும்னு கேக்கறவங்க எல்லாரும் அவங்களாவே முடிவு கட்டிக்கறாங்க, அதெல்லாம் இல்லைங்க, அது ஒரு வெள்ளிக்கெழமை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, ஏன்னா அன்னிக்குத்தான் கொழாயில தண்ணி வர்ற நாளு, நான் ஷிப்டுக்கு லீவு சொல்லிட்டுக் குடத்தை வரிசையில வெச்சு நின்னுக்கிட்டிருந்தேன், மில்லுச் சங்கு ஊதி மொத ஷிப்டு விட்டு, தலையெல்லாம் பஞ்சு ஒட்டின பொம்பளைங்க தூக்குப்போசியை ஆட்டிக்கிட்டு, பழமை பேசிக்கிட்டு வாசலுக்குள்ள நொழைஞ்சாங்க, அவங்களுக்குப் பின்னாலயே, அவங்கள்ல ஒருத்தியாட்டவே, அதுவும் நொழைஞ்சு வந்துச்சு. நெஞ்சு ஒசரத்துல, எதையும் தொடாம, தன்னைத்தானே மெதுவாச் சுத்திக்கிட்டு, ஒரு அரசாணிக்காய் பெருசுக்கு, செக்கச்செவேல்னு இருந்துச்சு. உச்சியில கொஞ்சம் வெள்ளை, அடியில கொஞ்சம் வெள்ளை. நேராப் போயி பூவாத்தா வீட்டுக் கதவுக்கு முன்னால நின்னுக்கிச்சு.

பூவாத்தா நின்னு வேலை செஞ்ச அலுப்புல வந்தவ. அதை மேலயும் கீழயும் ஒருக்காப் பாத்தா. "கொஞ்சம் தள்ளிக்குங்க, கதவைத் தொறக்கோணும்"னு சொன்னா. அது தள்ளிக்கிச்சு. அவ கதவைத் தொறந்து உள்ள போனா, அதுவும் பின்னாலயே போச்சு. அவங்கம்மா ரங்கம்மாதான், "யாருடி எவளுக்கோ திருஷ்டி சுத்துன பூசணியை என்ற வீட்டுக்குள்ள உருட்டி விட்டது?"ன்னு வெளியில வந்து சத்தம் போட்டாங்க. தண்ணி நின்னு போறதுக்குள்ள குடத்தை நெப்பற அவசரம் எல்லாருக்கும்.

கடைசி வீட்டுல ஞானசிகாமணி வாத்தியார்னு ஒருத்தர் இருந்தாருங்க, கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல சயன்ஸ் எடுத்தவரு. அவரு வந்து கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்துட்டு, "இது கோளுங்க. சூரியன்ல இருந்து எண்ணினா நாலாவது கோள். செவ்வாய்"னு சொன்னாரு. "அது பூமியில பாதி இருக்கும்னு உங்க பசங்க சத்தம் போட்டுப் படிக்கறாங்களே, இது என்ன இத்துனூண்டு?"ன்னு நான் கேட்டேன். "தூரத்துல நின்னு பயமுறுத்தறதெல்லாம் கிட்ட வந்தா இத்துனூண்டுதானுங்க மயிலாத்தா"ன்னாரு. மனுசனுக்குப் பதில் தெரியலைன்னா அப்படித்தான் ஏதாச்சும் தத்துவம் பேசுவாரு.

அத்தனை வீடு இருக்க அது ஏன் பூவாத்தா வீட்டுக்குப் போச்சுன்னு யாரும் கேக்கலை. கேக்க என்ன இருக்குது, ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதானே. அவ சாதகத்துல ஏழாம் எடத்துல செவ்வாய். ஏழாம் எடத்துல செவ்வாய் இருந்தா கட்டிக்கறவன் ஆயுசுக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு. பொண்ணு பாக்க வந்தவங்கல்லாம் காப்பி குடிச்சுட்டு, மூக்கும் முழியும் லட்சணமா இருக்குதுன்னு சொல்லிட்டு, கட்டத்தைப் பாத்ததும் செருப்பைத் தேட ஆரம்பிச்சுருவாங்க. அப்படியே முப்பத்திரண்டு வயசு ஆயிப்போச்சு. எங்க மில்லுலயே பிட்டரா இருந்த சென்னியப்பன் மட்டும் அவளைத்தான் கட்டுவேன்னு பத்து வருசத்துக்கு முன்னாலயே கேட்டவன். அவங்கம்மா, "என்ற ஒத்தப் பையனை எமனுக்குத் தாரை வார்க்கச் சொல்றீங்களா?"ன்னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாங்க. அவன் வேற யாரையும் கட்டலை. நெதமும் மில்லு கேட்டுல சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு நிப்பான், இவ தாண்டிப் போவா, அவ்வளவுதான். "அவரு என்ன பண்ணுவாரு மயிலா, பாவம், அவங்கம்மாளுக்குத்தான் பயம்"னு இவ எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பான்னு கணக்கே இல்லைங்க. அந்த ஒரு பேச்சை வெச்சுக்கிட்டுத்தான் அவ அத்தனை வருசத்தையும் ஓட்டினா.

சரி, ஒறம்பரை, விருந்துன்னு யாராச்சும் வந்தா ஒரு வாரத்துல பழகிப்போகுமில்லைங்களா, அது மாதிரிதான் செவ்வாயும் பழகிருச்சு. ஒரே தொந்தரவு அதோட தூசிதான். இரும்புத் துருவாலதான் அந்தச் செவப்புன்னு வாத்தியார் சொன்னாரு. காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் காவியாயிரும், என்ற வீட்டுக்காரர் வேட்டியைப் பாத்துட்டு மில்லுல, பழனிக்கு மாலை போட்டிருக்கீங்களான்னு கேட்டு, ஒருத்தரும் அவருக்கு பீடி குடுக்கலை. ஆனா அது சில்லுனு இருக்குமுங்க. சித்திரை வெய்யில்ல மோர்ச்சட்டியை அதும்பக்கத்துல வெச்சு எடுத்தா பல்லு கூசும். அதுக்காகவே ஓரியாட்டம், சண்டை எல்லாம் மறந்து எல்லாப் பொம்பளைகளும் பூவாத்தா வீட்டுல மத்தியானம் ஒட்டுக்கா உக்காந்தோம். வாத்தியாரும் விடலை. ஒரு பையனை வாசல் நடுவுல சூரியனா நிறுத்தி, மத்த பசங்களை அவனுக்கு அக்கட்ட வரிசையா நிக்க வெச்சு, நீ புதன், நீ வெள்ளி, நீ பூமின்னு பேரு குடுப்பாரு, நாலாவது எடத்தைக் காலியா விட்டுட்டு, அஞ்சாவது வியாழன், இடுப்புல சைக்கிள் டயரை மாட்டிக்கிட்டு சனி, அதுக்கு அக்கட்ட யுரேனசு, நெப்டியூன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கைக்குழந்தைகளை உருள விட்டு, இதெல்லாம் சிறுகோளுன்னுவாரு. யாராச்சும் ஒரு வாண்டு துண்டைப் பின்னால பறக்க விட்டுக்கிட்டு எல்லாருக்கும் குறுக்கால ஓடினா அது வால்வெள்ளி.

எங்க பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? "நடுவுல சூரியன் நிக்கறானே, அவன் கோள் இல்லையா?"ன்னு ஒருத்தி கேட்டா, "இல்லைங்க, அது நட்சத்திரம், அதைச் சுத்தி வர்றதுதான் கோளு"ன்னாரு. "அப்ப சந்திரன்?" "அது கோளைச் சுத்தற துணைக்கோளுங்க." "ராகு கேது?" "அதுகளுக்கு ஒடம்பே இல்லைங்க." ரங்கம்மா மூக்குல வெரலை வெச்சுட்டாங்க. வாராவாரம் நவக்கிரகத்தைச் சுத்திச் சுத்திக் கால் தேஞ்சவங்க அவங்க. "ஏனுங்க வாத்தியாரே, பூமியும் ஒரு கோளுங்கறீங்க, அதை மட்டும் கோயில்ல வெக்க மறந்துட்டாங்களே?"ன்னாங்க. "அது வேற கணக்கு, இது வேற கணக்குங்க"ன்னு சொல்லிட்டு வாத்தியார் மோரை வாங்கிக் குடிச்சாரு.

வந்த அன்னிக்குத் தள்ளிக்கச் சொன்னதோட சரி, இத்தனை கூத்துலயும் பூவாத்தா அதுகிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஒரு நா மத்தியானம் அவங்கம்மா சந்தைக்குப் போயிருந்தாங்க, எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தக் கல்லுச் சொவருதான், மூச்சு விட்டாலும் கேக்கும். "ஏன்டா, ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? நான் பொறந்தப்ப எதுக்குடா அங்க வந்து குந்துனே? அத்தனை பெரிய வானத்துல ஒனக்கு என்ற ஏழாம் எடந்தான் கேட்டுச்சா?"ன்னு ஆரம்பிச்சா பாருங்க, பத்து வருசத்தையும் கொட்டித் தீத்துட்டா. அப்புறம் அழுதா. நானும் இந்தப் பக்கம் சொவத்துல சாஞ்சுக்கிட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போயிப் பாத்தா, அது அடுப்படி மூலையில போயி ஒண்டிக்கிட்டு நிக்குது, இவ அவளோட பழைய சீலையைக் கிழிச்சு அது மேல போத்திக்கிட்டிருக்கறா. "தொட்டுப் பாரு மயிலா, எப்படிச் சில்லுனு கெடக்குது. சூரியனுக்கு நம்மளைவிட இன்னும் தூரத்துல இருக்குதாமா, பாவம்"னா. அன்னியில இருந்து ரெண்டு பேரும் சிநேகம். ஷிப்டு விட்டு வந்தா, எந்தக் கார்டிங் மெசின் ஓடலை, எந்த மேஸ்திரி எவகிட்டப் பல்லைக் காட்டினான்னு அதுகிட்டத்தான் மொதல்ல சொல்லுவா.

அது சூரியனை ஒருக்காச் சுத்தி வர நமக்கு ரெண்டு வருசத்துக்குக் கொஞ்சம் கொறைச்சலா ஆகும்னு வாத்தியார் ஒரு நா சொன்னாரு. பூவாத்தா வெரலை மடக்கி, அவரையும் கணக்குப் போடச் சொல்லி, "அப்பச் செவ்வாய்க் கணக்குல எனக்குப் பதினேழு வயசுதானுங்களா?"ன்னா. ஆமாங்கன்னாரு. அன்னிக்கு அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே, லைன் வீடு மொத்தமும் வெளியில வந்து என்னன்னு பாத்துச்சுங்க. ஒரு வாரத்துக்கு அவளைப் பதினேழுன்னுதான் எல்லாரும் கூப்பிட்டோம்.

அப்புறந்தான் வேலப்ப சோசியர் வந்தாரு. செவ்வாயைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு, தூசியைத் தொட்டு மோந்து பாத்தாரு, ஓலையைப் பிரிச்சாரு. "எடம் காலிங்க. குடியிருந்தவன் எறங்கி வந்துட்டான். ஆளே இல்லாத வீட்டுல தோசம் எங்கிருந்து வரும்?"னாரு. சாதகம் பொறந்த நேரத்துக்கு எழுதறதாச்சேன்னு வாத்தியார் குறுக்க பேசினாரு. "கேஸ் போட்டவனே கோர்ட்டுக்கு வரலைன்னா கேசு தள்ளுபடிதானுங்களே வாத்தியாரே. அது இங்க கீழ இருக்கறப்பவே கழுத்துல தாலி ஏறிருச்சுன்னா, அப்புறம் மேல போனாலும் அதனால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அவ்வளவுதாங்க. பல்லடம், அவிநாசி, அன்னூரு, காங்கயம்னு செவ்வாய் தோசத்தால வீட்டுலயே உக்காந்திருந்த பொண்ணுகளுக்கெல்லாம் அந்த வைகாசியிலயும் ஆனியிலயும் கல்யாணம். எப்ப எந்திரிச்சுப் போயிருமோன்னு எல்லாருக்கும் அவசரம். மண்டபம் கெடைக்கலை, மேளக்காரங்க ஒரு முகூர்த்தத்துல பாதி வாசிச்சுட்டு அடுத்த ஊருக்கு ஓடினாங்க, வாழைமரம் இல்லாம கரும்பைக் கட்டினாங்க. கல்யாணத்துக்கு முன்னால அத்தனை பொண்ணுகளும் எங்க லைன் வீட்டுக்கு வந்து அதைப் பாத்துட்டுப் போச்சுங்க. சிலது கும்புட்டுச்சு, சிலது திட்டுச்சு, ஒருத்தி கிள்ளியே வெச்சுட்டா. ஒரு நா ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒரு அம்மா தனியா வந்தாங்க. கழுத்து வெறுங்கழுத்து. வெகு நேரம் அதையே பாத்துட்டு, "இவ்வளவுதானா நீ?"ன்னாங்க. பூவாத்தா மோர் குடுத்தா. குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆனி கடைசியில சென்னியப்பனோட அம்மா தட்டத்தோட வந்தாங்க. ஊரு பூரா கல்யாணம் நடந்ததைப் பாத்து, எந்த மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலைங்கறதையும் பாத்து, யோசிச்சு யோசிச்சு வந்தவங்க. அதுக்குள்ள ஆடி வந்துருச்சு. ஆடியில யாரு தாலி கட்டுவாங்க? ஆவணியில மொத முகூர்த்தம்னு முடிவாச்சு. பூவாத்தா மொகத்தை அன்னிக்குப் பாக்கோணுமே. பதினேழுன்னு சும்மா சொல்லலைங்க.

ஆனா அந்த வாரத்துல இருந்தே செவ்வாய் பொழுது சாய்ஞ்சா மேல எழும்ப ஆரம்பிச்சுருச்சு. ஓட்டுல போயி முட்டும், கீழ எறங்கும். ரங்கம்மா பதறிப்போயி கயிறு தேடினாங்க. "நீங்க யாரும் கட்ட வேண்டாம், நானே கட்டறேன்"னு பூவாத்தா மில்லு நூலை நாலு புரியா முறுக்கி, அதோட இடுப்பைச் சுத்தி அழுந்தாம ஒரு முடிச்சுப் போட்டு, இன்னொரு மொனையை ஜன்னல் கம்பியில கட்டினா. அது இழுக்காம நின்னுச்சு. ஆனா எளைச்சுது. அரசாணிக்காயாட்டம் இருந்தது தேங்காய் ஆச்சு, மேல இருந்த வெள்ளை உருகிப் போச்சு, நெதமும் கூட்டக் கூட்டத் தூசி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஆடி பாதியில ஆரஞ்சு பெருசுதான் இருந்துச்சு.

வாத்தியார் அதைக் கையில வெச்சுப் பாத்துட்டு, "ஆவணி வரைக்கும் தாங்காதுங்க, ஒரு புடி தூசிதான் மிஞ்சும்"னாரு. "அப்புறம் மேல என்ன ஆகும்?"னு பூவாத்தா கேட்டா. "அதுக்கு ரெண்டு துணைக்கோள் இருக்குது. இப்ப வெட்டவெளியைத்தான் சுத்திக்கிட்டு இருக்குதுக, இனியும் அப்படியே சுத்த வேண்டியதுதான். ஒண்ணு பேரு பயம், இன்னொண்ணு பேரு கிலி. கிரேக்கத்துச் சாமிங்க பேரு."

"அதுக ரெண்டும் மேலயா இருக்குது?"ன்னா பூவாத்தா. "நான் எங்கூட்டுலதான் இருக்குதுன்னு நெனைச்சேன்."

அன்னியில இருந்து அவளுக்குச் சோறு எறங்கலை. அவுத்து விட்டா கல்யாணம் நிக்கும். விடலைன்னா அது செத்துப் போகும். ரங்கம்மா அவ கையைப் புடிச்சுக்கிட்டு, "இத்தனை வருசம் காத்திருந்துட்டு இந்தப் பதினஞ்சு நாளைக்கு மனசு எளகிறாதே சாமி"ன்னு கெஞ்சினாங்க. பூவாத்தா எங்கிட்டயும் யோசனை கேட்டா. "கட்டியே வெய்யி புள்ள, ஒனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா?"ன்னுதான் நானும் சொன்னேன். "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் மயிலா. அவரு பயப்பட மாட்டாரு"ன்னா.

ஆடிப் பதினெட்டு நல்ல நாளுன்னு பட்டெடுக்கப் போறதா ஏற்பாடு. பூவாத்தா லீவு போட்டிருந்தா. விடியறதுக்கு முன்னாலயே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேனோட வந்துட்டாங்க, லைன் வீடே எந்திரிச்சு வாசல்ல நிக்குது. பூவாத்தா தலைக்குத் தண்ணி வாத்து, பூ வெச்சு, உள்ளங்கையில செவ்வாயை ஏந்திக்கிட்டு வெளியில வந்தா. நூலு தொய்ஞ்சு தொங்குது, இழுக்கக்கூட அதுக்குத் தெம்பில்லை. நேராச் சென்னியப்பன் முன்னால போயி நின்னா.

"இது ஆவணி வரைக்கும் இருக்காதுங்க. இப்பவே அவுத்து விட்டுரட்டுங்களா?"

மாப்பிள்ளையோட அம்மா வாயே தொறக்கலை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். எல்லாரும் அவங்களைத்தான் பாத்தோம், அவங்க பையனைப் பாத்தாங்க. சென்னியப்பன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தானுங்களே. தாலி ஏறிரட்டும். அப்புறம் அது இருந்தா என்ன, போனா என்ன"ன்னான்.

பூவாத்தா கையில இருந்ததை ஒருக்காப் பாத்தா. அப்புறம், "இத்தனை நாளா உங்கம்மாளுக்குத்தான் பயம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தனுங்க"ன்னா. கோவமாச் சொல்லலை. மில்லுக்காரி போட்ட முடிச்சு கையால அவுக்க வராது, பல்லால கடிச்சா, நூலை உருவினா. அது அவ கையை விட்டு எறங்கவே இல்லை. "போ சாமி. ஒன்னைக் காணோம்னு அங்க ரெண்டு சுத்திக்கிட்டுக் கெடக்குதாமா, போ"ன்னு கையை ஒசத்தினா. மெதுவா எந்திரிச்சு, ஓட்டைத் தாண்டி, மில்லுப் பொகைபோக்கியைத் தாண்டி, அப்பத்தான் வெளுத்துக்கிட்டிருந்த வானத்துல செவப்புப் பொட்டாச்சு. ரங்கம்மா அழுத சத்தம் மட்டும் கேட்டுச்சு.

பூவாத்தா அழுகலை. தலைமுடியில இருந்து தூசியைத் தட்டிக்கிட்டு, சென்னியப்பனை நேராப் பாத்தா.

"இப்பக் கேளுங்க"ன்னா. "என்னைக் கட்டிக்கறீங்களான்னு இப்பக் கேளுங்க. நான் சரிங்கறேன்."

அத்தனை பேரும் அவனையே பாத்தோம். அவங்கம்மாகூட, "கேளேன்டா"ங்கற மாதிரி அவன் முழங்கையைத் தொட்டாங்க, நான் பாத்தேன். அவன் வாயைத் தொறந்தான். தொறந்தவன், அண்ணாந்து வானத்தைப் பாத்தான். அது எங்க நிக்குதுன்னு பாத்தான். பாத்த கண்ணை எறக்கவே இல்லை.

மில்லுல சங்கு ஊதுச்சு. பூவாத்தா அவன் தலை கீழ எறங்கறதுக்காக அந்தச் சங்கு முடியற வரைக்கும் நின்னா. அப்புறம் உள்ள போயி, பழைய சோத்தைத் தூக்குப்போசியில போட்டுக்கிட்டு, பூ வெச்ச தலையோடயே வந்து, "வா மயிலா, நேரமாச்சு"ன்னா. நான் ஓடிப்போயி என்ற போசியை எடுத்துக்கிட்டு வந்தேன்.

மில்லு கேட்டுக்கு அரை மைல் தூரம் இருக்கும். பாதி தூரம் விறுவிறுன்னு நடந்தோம். அப்புறம் அவ, "ஏ புள்ள, அவன் வானத்துல அதைத் தேடிப் பாத்தாண்டி, கண்டுபிடிச்சானான்னுதான் தெரியலை"ன்னா. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை. அவ சிரிச்சா, நானும் சிரிச்சேன், சிரிச்சுச் சிரிச்சு ரோட்டோரம் நின்னு இடுப்பைப் புடிச்சுக்கிட்டோம், நடுவுல ஒருக்கா அவ என்ற தோளுல மொகத்தைப் புதைச்சு ஓன்னு அழுதா, மறுபடியும் சிரிச்சா, ரெண்டு பேரு சீலையிலயும் தலையிலயும் செவப்புத் தூசி, கேட்டுக்காரர் எங்களைப் பாத்துட்டு, ஆடி நோம்பிக்கு இப்படியா வெளையாடுவீங்கன்னாரு.

இப்ப மில்லும் இல்லை, லைன் வீடும் இல்லை. நான் என்ற மவ வீட்டுல நாலாவது மாடியில இருக்கறேன். பூவாத்தா போயே ஆறு வருசம் ஆச்சு, கடைசி வரைக்கும் ஒத்தையாத்தான் இருந்தா, நல்லாத்தான் இருந்தா. யாராச்சும் வந்து, மயிலாத்தா, ஒனக்குப் போன நாள்ல ஒரு நாளைத் திருப்பித் தர்றோம், எதுன்னு சொல்லுன்னு கேட்டா, என்ற கல்யாண நாளைக் கேக்க மாட்டேனுங்க, புள்ளை பொறந்த நாளையும் கேக்க மாட்டேன். அந்த அரை மைல் ரோட்டைத்தான் கேப்பேன்.